பிஎச்பியில் கமாண்ட்-லைன் செயலி கட்டுவது எப்படி: டிபென்டென்சி இன்ஜெக்ஷன் கன்டெய்னருடன் முழுமையான வழிகாட்டி

பிஎச்பி என்றதும் பலருக்கும் வலைத்தளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஓரளவு வயதான எந்தத் திட்டத்தின் சர்வரிலும் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வர் வசதி) வழியாக ஓடும் பிஎச்பி ஸ்கிரிப்டுகள் நாலைந்து இருக்கும். ராத்திரியில் அறிக்கை தயாரிப்பது ஒன்று, சிஎஸ்வி கோப்பை டேட்டாபேஸில் ஏற்றுவது ஒன்று, நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புவது ஒன்று. முதல் ஸ்கிரிப்டின் தலையில் டேட்டாபேஸ் இணைப்பு, பாஸ்வேர்டு, மெயில் சர்வர் விவரம் எல்லாம் முப்பது நாற்பது வரிகளுக்கு நீளும். இரண்டாவது ஸ்கிரிப்டு எழுதுகிறவர் அந்த வரிகளை அப்படியே எடுத்து ஒட்டுவார். ஐந்தாவது வரும்போது பாஸ்வேர்டை மாற்ற ஐந்து கோப்பைத் திறக்க வேண்டும். அவற்றில் ஒன்றைச் சோதிக்க வேண்டுமென்றால் நிஜ டேட்டாபேஸில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

வலைத்தளத்துக்கு நாம் தரும் ஒழுங்கு இந்த ஸ்கிரிப்டுகளுக்கும் கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பார்க்க ஆளில்லாத நேரத்தில் ஓடுபவை இவை. தவறினால் காலையில்தான் தெரியும். அந்த ஒழுங்கைக் கொண்டுவர நல்ல கருவி டிபென்டென்சி இன்ஜெக்ஷன் கன்டெய்னர்: ஒரு கிளாஸுக்குத் தேவையான மற்றப் பொருள்களை உருவாக்கி வெளியிலிருந்து கொடுக்கும் பகுதி அது. ஆனால் அதைப் பயன்படுத்தும்போது ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: கன்டெய்னர் என்ற ஒன்று இருப்பது செயலியின் நுழைவுக் கோப்புக்கு மட்டுமே தெரிய வேண்டும். கமாண்டுகளுக்குத் தெரியக்கூடாது, உள்ளே வேலை செய்யும் கிளாஸ்களுக்கும் தெரியக்கூடாது. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த விதியைச் சுற்றியே போகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய செயலியைக் கட்டுவோம். ஒரு நூலகத்தில் திருப்பித் தர வேண்டிய நாளைத் தாண்டியும் வராத புத்தகங்களைக் கண்டுபிடித்து, எடுத்தவர்களுக்கு மின்னஞ்சலில் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். தினமும் காலையில் கிரான் இதை ஓட்டும். கமாண்டுகளை ஒலிப்பின்படி தருகிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள். கிளாஸ்களுக்கு, எது என்ன வேலை செய்கிறது என்று பார்த்ததும் புரிவதற்காகத் தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறேன். பிஎச்பி அதை ஏற்கும் என்றாலும், குழுவாக வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் எளிதாகத் தட்டக்கூடிய பெயரே நல்லது.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிஎச்பி 8.2 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். கமாண்டுகளை எழுத உதவும் சிம்ஃபொனி கன்சோல் தொகுப்பின் 7-ஆம் பதிப்புக்கு அது தேவை. பிஎச்பி தொகுப்புகளை நிறுவும் கம்போசரும் வேண்டும்.

டெர்மினலில் ஓடும் பிஎச்பியும் வலைத்தளத்துக்கு ஓடும் பிஎச்பியும் ஒரே அமைப்புகளோடு ஓடுகின்றன என்று எண்ணிவிடாதீர்கள். டெபியன், உபுண்டு போன்றவற்றில் இரண்டுக்கும் தனித்தனி பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பு உண்டு. எந்தக் கோப்பு படிக்கப்படுகிறது என்று "பிஎச்பி --ஐஎன்ஐ" சொல்லும். எந்த எக்ஸ்டென்ஷன்கள் ஏறியிருக்கின்றன என்று "பிஎச்பி -எம்" சொல்லும். பட்டியலில் பிடிஓவும் (டேட்டாபேஸோடு பேசும் பிஎச்பி எக்ஸ்டென்ஷன்) உங்கள் டேட்டாபேஸுக்கான டிரைவரும் இருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் ஓடும் நேரத்துக்கு வரம்பு கிடையாது. அதன் இயல்பு மதிப்பு 0. அதனால் எங்காவது மாட்டிக்கொண்ட ஸ்கிரிப்டைப் பிஎச்பி தானாக நிறுத்தாது.

நேர மண்டலத்தையும் இப்போதே பாருங்கள். ஐஎன்ஐ கோப்பில் எதுவும் சொல்லாவிட்டால் பிஎச்பி யுடிசி நேரத்தையே எடுத்துக்கொள்ளும். இந்திய நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 5 மணிக்கு ஓடும் நம் கமாண்ட், "இன்று என்ன தேதி" என்று கேட்டால் நேற்றைய தேதியைப் பெறும். நினைவூட்டல் ஒரு நாள் பிந்திப் போகும். யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். இதற்கான சரியான தீர்வு கன்டெய்னரிலேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கம்போசரும் ஃபோல்டர்களும்

திட்டத்துக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் இருந்து:

கம்போசர் ரிக்வயர் சிம்ஃபொனி/கன்சோல் பிஎச்பி-டிஐ/பிஎச்பி-டிஐ சிம்ஃபொனி/கிளாக்

சோதனைக்குப் பிஎச்பியூனிட்டை "--டெவ்" கொடுத்துத் தனியாகச் சேருங்கள்.

கன்சோல் தொகுப்பு ஆர்க்யுமென்ட், ஆப்ஷன், உதவிப் பக்கம், வண்ணம், அட்டவணை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். லாரவேலின் ஆர்டிசான், கம்போசர் இரண்டுமே இதன் மேல்தான் நிற்கின்றன. பிஎச்பி-டிஐ நமது கன்டெய்னர். சிம்ஃபொனியின் சொந்த கன்டெய்னரும் நல்லதுதான். ஆனால் ஃபிரேம்வொர்க் இல்லாமல் தனியாக எடுத்துப் பயன்படுத்த அதிக ஏற்பாடு கேட்கும். சிறிய செயலிக்குப் பிஎச்பி-டிஐ போதும். எதைத் தேர்ந்தாலும் பெரிய பிணைப்பு ஏற்படாது. பிஎச்பி திட்டங்களுக்குப் பொதுவான விதிகளை வகுக்கும் பிஎச்பி-ஃபிக் குழு 2017-இல் ஏற்ற பிஎஸ்ஆர்-11 என்ற பொது ஒப்பந்தம் கன்டெய்னருக்கு இரண்டே மெத்தடுகளைத்தான் கேட்கிறது: ஒரு பொருளைத் தரும் "கெட்", அது இருக்கிறதா என்று சொல்லும் "ஹேஸ்". நம் செயலியில் கன்டெய்னரைத் தொடுவது ஒரே கோப்பு என்பதால், நாளை வேறொன்றுக்கு மாற நினைத்தால் அந்த நுழைவுக் கோப்பையும் வரையறைக் கோப்பையும் தொட்டால் போதும்.

நீங்கள் ஏற்கெனவே லாரவேலிலோ முழு சிம்ஃபொனியிலோ வேலை செய்கிறீர்கள் என்றால் இந்த இணைப்பு வேலையை ஃபிரேம்வொர்க்கே முடித்துத் தந்திருக்கும். உங்களுக்குக் கமாண்டும் சோதனையும் பற்றிய பகுதிகள் போதும்.

ஃபோல்டர்கள் நான்கு. நுழைவுக் கோப்புக்கு "பின்", வரையறைகளுக்கு "கன்ஃபிக்", கிளாஸ்களுக்கு "எஸ்ஆர்சி", சோதனைகளுக்கு "டெஸ்ட்ஸ்". கம்போசர்.ஜேசன் கோப்பில் பிஎஸ்ஆர்-4 (கிளாஸின் பெயரை வைத்துக் கோப்பைக் கண்டுபிடிக்கும் விதி) பிரிவில் உங்கள் நேம்ஸ்பேஸை எஸ்ஆர்சி ஃபோல்டரோடு இணைத்துவிட்டு "கம்போசர் டம்ப்-ஆட்டோலோடு" ஓட்டுங்கள்.

முதலில் வேலை செய்யும் கிளாஸ்கள்

பலரும் கமாண்ட் கிளாஸில்தான் எழுதத் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் எஸ்க்யூஎல் வரிகள் கமாண்டுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் டெர்மினல் என்று ஒன்று இருப்பதே தெரியாத கிளாஸ்களை முதலில் எழுதுங்கள். நமக்கு மூன்று பகுதிகள் வேண்டும்.

"கெடுதாண்டியவை" என்ற கிளாஸ் டேட்டாபேஸோடு பேசும். அதன் கன்ஸ்ட்ரக்டர் ஒரு பிடிஓ பொருளைக் கேட்கும். ஒரு தேதியைக் கொடுத்தால், அதற்கு முன்பே திரும்பியிருக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலைத் தரும் ஒரே மெத்தட். தேதியை வெளியிலிருந்து பெறுகிறது என்பதைக் கவனியுங்கள். எஸ்க்யூஎல்லுக்குள் "இன்று" என்று எழுதிவிட்டால், பிஎச்பியின் நேர மண்டலத்தோடு டேட்டாபேஸ் சர்வரின் நேர மண்டலத்தையும் சேர்த்துக் கவலைப்பட வேண்டியிருக்கும்.

"அனுப்புநர்" ஓர் இன்டர்ஃபேஸ். முகவரியும் செய்தியும் வாங்கிக்கொண்டு அனுப்பும் ஒரே மெத்தட் அதில். இதை நிறைவேற்றும் "மின்னஞ்சல்அனுப்புநர்" என்ற கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் மெயில் சர்வர் முகவரியையும் அனுப்பும் முகவரியையும் வெறும் ஸ்ட்ரிங்குகளாகக் கேட்கும். நாளை குறுஞ்செய்திக்கு மாறினால் இன்டர்ஃபேஸ் மாறாது.

"நினைவூட்டி" இவற்றைச் சேர்த்து வைக்கும் கிளாஸ். கன்ஸ்ட்ரக்டரில் கெடுதாண்டியவை, அனுப்புநர், பிஎஸ்ஆர்-20 ஒப்பந்தத்தின் கிளாக் இன்டர்ஃபேஸ் என மூன்றைக் கேட்கும். இன்றைய தேதியைப் பிஎச்பியிடம் நேரடியாகக் கேட்காமல் கிளாக் பொருளின் "நவ்" மெத்தடைக் கேட்கும். இதில் இரண்டு பொது மெத்தடுகள்: யாருக்கெல்லாம் போக வேண்டும் என்று பட்டியல் தருவது ஒன்று, உண்மையில் அனுப்பி எத்தனை போயின, எத்தனை தவறின என்று முடிவைத் தருவது இன்னொன்று. இப்படிப் பிரித்து வைப்பதால்தான், எதையும் அனுப்பாமல் பட்டியலை மட்டும் காட்டும் ஒத்திகை ஓட்டம் பின்னால் சுலபமாகக் கிடைக்கிறது.

பிஎச்பி 8-இல் வந்த கன்ஸ்ட்ரக்டர் ப்ரொமோஷனும் 8.1-இல் வந்த ரீட்ஒன்லியும் இங்கே மிக உதவும். "பிரைவேட் ரீட்ஒன்லி" என்று கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குள்ளேயே எழுதினால், அறிவிப்பும் மதிப்பிடுதலும் ஒரே வரியில் முடியும். கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தாலே ஒரு கிளாஸுக்கு என்னென்ன தேவை என்று முழுசாகத் தெரிய வேண்டும். ஒளிந்து நிற்கும் தேவை எதுவும் இருக்கக்கூடாது. குளோபல், ஸ்டாட்டிக் மெத்தட் அழைப்பு, உள்ளே எழுதிய "நியூ பிடிஓ" எல்லாம் அப்படி ஒளிந்து நிற்பவைதான்.

கன்டெய்னருக்கான வரையறைகள்

கன்ஃபிக் ஃபோல்டரில் "சர்வீசஸ்" என்ற பிஎச்பி கோப்பு. அது ஓர் அரேயைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அந்த அரேயில் எதை எழுத வேண்டும், எதை எழுத வேண்டாம் என்பதில்தான் திறமை இருக்கிறது.

பிஎச்பி-டிஐ இயல்பாகவே ஆட்டோவயரிங் செய்யும். ஒரு கிளாஸைக் கேட்டால், அதன் கன்ஸ்ட்ரக்டரை ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே கிளாஸின் அமைப்பைப் பார்க்கும் பிஎச்பி வசதி) மூலம் படித்து, ஒவ்வொரு பராமீட்டரின் டைப்பையும் பார்த்து, அந்தப் பொருள்களைத் தானே உருவாக்கிச் செருகும். ஆகவே கெடுதாண்டியவை, நினைவூட்டி இரண்டுக்கும் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. கன்டெய்னர் ஊகிக்க முடியாத இடங்களை மட்டும் சொன்னால் போதும். அவை பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, இன்டர்ஃபேஸ். அனுப்புநர் என்று கேட்டால் எந்தக் கிளாஸைத் தருவது என்று கன்டெய்னருக்குத் தெரியாது. அரேயில் அனுப்புநரின் முழுப் பெயரைக் கீயாக வைத்து, எதிரே "டிஐ ஆட்டோவயர்" ஃபங்ஷனுக்குள் மின்னஞ்சல்அனுப்புநரின் பெயரைக் கொடுங்கள்.

இரண்டாவது, ஸ்ட்ரிங், எண் போன்ற வெறும் மதிப்புகள். மின்னஞ்சல்அனுப்புநர் கேட்கும் சர்வர் முகவரி ஒரு ஸ்ட்ரிங். உலகில் எத்தனையோ ஸ்ட்ரிங், எதைத் தருவது? சொல்லாமல் விட்டால், இன்ன பராமீட்டருக்கு மதிப்பு வரையறுக்கப்படவில்லை, ஊகிக்கவும் முடியவில்லை என்று பிஎச்பி-டிஐ பிழை காட்டும். பராமீட்டரின் பெயரோடு வருவதால் இந்தப் பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால் போதும், எங்கே என்ன விடுபட்டது என்று அதுவே சொல்லிவிடும். தீர்வு: மேலே சொன்ன ஆட்டோவயரோடு "கன்ஸ்ட்ரக்டர்பராமீட்டர்" மெத்தடைச் சங்கிலியாகச் சேர்த்து, பராமீட்டர் பெயரையும் மதிப்பையும் கொடுப்பது.

மூன்றாவது, நம்முடையதல்லாத, உருவாக்கக் கொஞ்சம் வேலை கேட்கும் பொருள்கள். பிடிஓ அப்படி ஒன்று. அதன் பெயரைக் கீயாக வைத்து, எதிரே ஒரு குளோஷர் (பெயரில்லாத ஃபங்ஷன்) எழுதுங்கள். அதற்குள், செயலிக்கு வெளியே சர்வரில் அமைக்கும் சூழல் மாறிகளிலிருந்து விவரங்களை எடுத்து "நியூ பிடிஓ" உருவாக்கித் திருப்பித் தாருங்கள். இந்தக் குளோஷர் உடனே ஓடாது. யாராவது பிடிஓ கேட்கும்போதுதான் ஓடும், அதுவும் ஒரே முறை. அதன் பின் கேட்பவர் எல்லோருக்கும் அதே பொருள்தான் கிடைக்கும்.

கிளாக்கும் இங்கேதான் வருகிறது. பிஎஸ்ஆர்-20 கிளாக் இன்டர்ஃபேஸைக் கீயாக வைத்து, சிம்ஃபொனியின் "நேட்டிவ்கிளாக்" கிளாஸை "ஏஷியா/கொல்கத்தா" என்ற நேர மண்டலத்தோடு உருவாக்கித் தரச் சொல்லுங்கள். இனி சர்வரின் ஐஎன்ஐ கோப்பில் என்ன இருந்தாலும் நம் செயலிக்கு இந்திய நேரம்தான். செயலியின் நேர மண்டலம் வேறொருவர் நிர்வகிக்கும் சர்வரில் இல்லாமல் நம் குறியீட்டுக் களஞ்சியத்திலேயே பதிவாகி இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது சர்வர் மாற்றும்போது தெரியும்.

சூழல் மாறிகளைப் படிக்க "டிஐ என்வ்" என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மாறியின் பெயரையும், வேண்டுமானால் இயல்பு மதிப்பையும் கொடுக்கலாம். அரேயில் நேரடியாக "கெட்என்வ்" எழுதாமல் இதைப் பயன்படுத்துங்கள். காரணம் கன்டெய்னரைக் கம்பைல் செய்யும்போது தெரியும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கமாண்ட் கிளாஸ்

"நினைவூட்டல்கமாண்ட்", சிம்ஃபொனியின் கமாண்ட் கிளாஸிலிருந்து நீள்கிறது. கிளாஸின் தலையில் "ஆஸ்கமாண்ட்" என்ற ஆட்ரிப்யூட். அதில் "நூல்:நினைவூட்டு" என்ற பெயரும் ஒரு வரி விளக்கமும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது குழுவின் பெயர். கமாண்டுகள் பெருகும்போது பட்டியலில் அவை குழுவாரியாக வரும்.

கன்ஸ்ட்ரக்டரில் நினைவூட்டி ஒன்றை மட்டும் வாங்குங்கள். உடலில் ஒரு வரி கட்டாயம்: பேரன்ட் கன்ஸ்ட்ரக்டரை அழைப்பது. ப்ரொமோஷன் பயன்படுத்தும்போது கன்ஸ்ட்ரக்டரின் உடல் காலியாகவே இருக்கும் என்ற பழக்கத்தில் இந்த வரி விடுபடுவது சகஜம். விடுபட்டால், கமாண்ட் சரியாகத் தொடங்கப்படவில்லை, பேரன்ட் கன்ஸ்ட்ரக்டரை அழைக்க மறந்திருக்கலாம் என்று சிம்ஃபொனியே சொல்லும். இன்னொன்று: கிளாஸ் முழுவதையும் ரீட்ஒன்லி ஆக்க முயலாதீர்கள். ரீட்ஒன்லி அல்லாத கிளாஸிலிருந்து ரீட்ஒன்லி கிளாஸ் நீள முடியாது என்பது பிஎச்பியின் விதி. பிராப்பர்ட்டிக்கு மட்டும் போடுங்கள்.

"கன்ஃபிகர்" மெத்தடில் ஒத்திகை ஓட்டத்துக்கான "ட்ரை-ரன்" என்ற ஆப்ஷனை மதிப்பு வாங்காத வகையில் சேருங்கள். "எக்ஸிக்யூட்" மெத்தடில் நடக்க வேண்டியது இவ்வளவுதான். இன்புட்டிலிருந்து ட்ரை-ரன் கேட்கப்பட்டதா என்று பார்க்கிறோம். கேட்கப்பட்டிருந்தால் நினைவூட்டியிடம் பட்டியலை வாங்கி, சிம்ஃபொனிஸ்டைல் உதவியுடன் அட்டவணையாகக் காட்டி, வெற்றிக்கான எண்ணைத் திருப்பித் தருகிறோம். இல்லையென்றால் அனுப்பச் சொல்லி, முடிவை வாங்கி, எத்தனை போயின என்று ஒரு வரி எழுதுகிறோம். தவறியவை ஒன்றாவது இருந்தால் தோல்விக்கான எண், இல்லாவிட்டால் வெற்றிக்கான எண். இருபது வரிக்குள் அடங்கிவிடும். ஐம்பதைத் தாண்டுகிறது என்றால் நினைவூட்டிக்குள் போக வேண்டிய வேலை ஏதோ கமாண்டுக்குள் நுழைந்துவிட்டது.

எக்ஸிக்யூட் ஒரு முழு எண்ணைத் திருப்பியே ஆக வேண்டும். கமாண்ட் கிளாஸில் இதற்கென்றே மூன்று கான்ஸ்டன்ட்: "சக்சஸ்" 0, "ஃபெய்லியர்" 1, "இன்வேலிட்" 2. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து எப்போதும் 0 தருபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிரான், சிஐ (ஒவ்வொரு மாற்றத்திலும் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு), ஷெல் ஸ்கிரிப்டு எல்லாம் நம் கமாண்ட் சரியாக முடிந்ததா விழுந்ததா என்று தெரிந்துகொள்வது இந்த ஓர் எண்ணை வைத்துத்தான். திரையில் சிவப்பில் எழுதிய பிழைச் செய்தியை அதிகாலை 5 மணிக்கு யார் படிப்பார்கள்?

இன்னும் ஒரு தூண்டுதலை இங்கே அடக்க வேண்டும். கன்ஸ்ட்ரக்டரில் நினைவூட்டிக்குப் பதிலாகக் கன்டெய்னரையே வாங்கிக்கொண்டு, தேவைப்படும்போது "கெட்" செய்து எடுத்துக்கொண்டால் என்ன? எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் கமாண்டுக்கு என்ன தேவை என்பது கன்ஸ்ட்ரக்டரிலிருந்து மறைந்துவிடும், சோதனைக்கு ஒரு முழுக் கன்டெய்னரைக் கட்ட வேண்டிவரும், விடுபட்ட வரையறை கமாண்ட் பாதி ஓடியபின்தான் பல்லைக் காட்டும். பாதி மின்னஞ்சல் போனபின் செயலி விழுவது, தொடங்கும் முன்பே விழுவதைவிடப் பல மடங்கு மோசம்.

நுழைவுக் கோப்பு

பின் ஃபோல்டரில் "நூலகம்" என்ற கோப்பு, எக்ஸ்டென்ஷன் இல்லாமல். முதல் வரி, கோப்பை எதைக் கொண்டு ஓட்டுவது என்று சொல்லும் ஷெபாங்: ஆச்சரியக்குறிக்கு முன் ஹேஷ், பிறகு "/யுஎஸ்ஆர்/பின்/என்வ் பிஎச்பி". "சிஎச்மாட் +எக்ஸ்" கொடுத்துவிட்டால் நேரடியாக ஓட்டலாம்.

அடுத்து ஆட்டோலோடு கோப்பைச் சேர்ப்பது. இந்தச் செயலி வேறொரு திட்டத்துக்குள் கம்போசர் வழியே நிறுவப்படும் வாய்ப்பு இருந்தால், வெண்டார் ஃபோல்டர் வேறு இடத்தில் இருக்கும். கம்போசர் 2.2 முதல், வெண்டாரின் பின் ஃபோல்டர் வழியாக ஓட்டும்போது ஆட்டோலோடு கோப்பின் பாதையை ஒரு குளோபல் மாறியில் வைத்துத் தருகிறது. அது இருந்தால் அதையும், இல்லாவிட்டால் நம் வழக்கமான பாதையையும் எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். உங்கள் சர்வரில் மட்டுமே ஓடும் செயலிக்கு இது வேண்டாம்.

பிறகு கன்டெய்னர்: "கன்டெய்னர்பில்டர்" ஒன்றை உருவாக்கி, "ஆட்டெஃபினிஷன்ஸ்" மெத்தடுக்கு சர்வீசஸ் கோப்பின் பாதையைக் கொடுத்து, "பில்டு" அழையுங்கள். அடுத்து சிம்ஃபொனியின் அப்ளிகேஷன் பொருள். இதோடு கமாண்டுகளை இணைக்க எளிய வழி, ஒவ்வொரு கமாண்டையும் கன்டெய்னரிடமிருந்து எடுத்து அப்ளிகேஷனில் சேர்ப்பது. அப்படிச் செய்யாதீர்கள். எந்தக் கமாண்டை ஓட்டினாலும் எல்லாக் கமாண்டுகளும், அவற்றின் பிடிஓ இணைப்பு உட்பட எல்லாத் தேவைகளும், ஒவ்வொரு முறையும் உருவாகும்.

இதற்காகத்தான் கமாண்ட் லோடர் இருக்கிறது. "கன்டெய்னர்கமாண்ட்லோடர்" கிளாஸுக்குக் கன்டெய்னரையும், கமாண்ட் பெயருக்கு எதிரே கிளாஸ் பெயர் எழுதிய ஓர் அரேயையும் கொடுத்து, அதை அப்ளிகேஷனின் "செட்கமாண்ட்லோடர்" மெத்தடில் வையுங்கள். இனி கேட்கப்பட்ட கமாண்ட் மட்டுமே உருவாகும். கடைசி வரி அப்ளிகேஷனின் "ரன்". மொத்தக் கோப்பும் பதினைந்து வரிதான். கன்டெய்னர் என்ற சொல் இந்தக் கோப்புக்கு வெளியே, சோதனை ஒன்றைத் தவிர, எங்கும் வராது.

பட்டியல் கேட்டால் டேட்டாபேஸ் எதற்கு?

இப்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். டேட்டாபேஸ் சர்வரை நிறுத்திவிட்டு, கமாண்ட் பெயர் எதுவும் தராமல் செயலியை ஓட்டுங்கள். கமாண்டுகளின் பட்டியல் வர வேண்டும். இணைப்புப் பிழைதான் வரும். பட்டியலில் விளக்கத்தைக் காட்ட, லோடரிடமிருந்து எல்லாக் கமாண்டையும் சிம்ஃபொனி வாங்குகிறது. கமாண்ட் நினைவூட்டியைக் கேட்கிறது, நினைவூட்டி கெடுதாண்டியவையைக் கேட்கிறது, அது பிடிஓவைக் கேட்கிறது, பிடிஓ உருவாகும்போதே இணைக்க முயல்கிறது. உதவி பார்க்க வந்தவருக்கு டேட்டாபேஸ் பிழை காட்டுவது சரியல்ல. புதிதாகக் குழுவில் சேர்ந்து இன்னும் டேட்டாபேஸ் அமைக்காதவருக்கு இது முதல் அனுபவமாக வேறு இருக்கும்.

இதற்கு "லேசிகமாண்ட்" மிகச் சரியாகப் பொருந்துகிறது. இது ஓர் உறை. பெயர், மாற்றுப் பெயர்கள், விளக்கம், மறைக்கப்பட்டதா என்பது, நிஜக் கமாண்டை உருவாக்கும் குளோஷர் ஆகியவற்றை வரிசையாக வாங்கிக்கொள்ளும். பட்டியலுக்குத் தேவையானதை உறையே சொல்லிவிடும். ஓட்டும்போதுதான் குளோஷரை அழைக்கும். கன்டெய்னர்கமாண்ட்லோடருக்குப் பதிலாக "ஃபேக்டரிகமாண்ட்லோடர்" எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே லேசிகமாண்ட் தரும் ஒரு குளோஷரை வையுங்கள்.

பெயரையும் விளக்கத்தையும் மீண்டும் இங்கே எழுத வேண்டுமா? வேண்டாம். அவை ஆஸ்கமாண்ட் ஆட்ரிப்யூட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. கமாண்ட் கிளாஸ்களின் பெயர்களை மட்டும் ஓர் அரேயில் தனிக் கோப்பாக வைத்து, அதைச் சுற்றி ஒரு லூப் எழுதுங்கள். ரிஃப்ளெக்ஷன்கிளாஸ் மூலம் ஆட்ரிப்யூட்டை எடுத்து, "நியூஇன்ஸ்டன்ஸ்" அழைத்தால் பெயர், விளக்கம் இரண்டும் கிடைக்கும். அவற்றோடு, அந்தக் கிளாஸைக் கன்டெய்னரிடம் கேட்கும் ஒரு குளோஷரைச் சேர்த்தால் லேசிகமாண்ட் தயார். ஆட்ரிப்யூட்டைப் படிக்கக் கமாண்ட் பொருளை உருவாக்க வேண்டியதில்லை என்பதே இதில் உள்ள நுட்பம். மாற்றுப் பெயர்கள் வைத்திருந்தால் மட்டும் கவனம் தேவை. ஆட்ரிப்யூட் அவற்றைப் பெயரோடு செங்குத்துக் கோட்டால் பிரித்து ஒரே ஸ்ட்ரிங்காக வைக்கும், நாம்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

புதிய கமாண்ட் வேண்டுமா? கிளாஸை எழுதி, அந்த அரேயில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

சோதனைகள்

கன்ஸ்ட்ரக்டரை நேர்மையாக வைத்ததன் பலன் இங்கே கிடைக்கும். நினைவூட்டியைச் சோதிக்கக் கன்டெய்னரே வேண்டாம். பிடிஓவுக்கு எஸ்க்யூலைட்டின் மெமரி டேட்டாபேஸ். அனுப்புநருக்கு, வந்த செய்திகளை ஓர் அரேயில் சேர்த்து வைக்கும் சிறிய கிளாஸ். கிளாக்குக்கு சிம்ஃபொனியின் "மாக்கிளாக்", அதில் ஏதாவது ஒரு நாளின் காலை 5 மணி, இந்திய நேரத்தில். நேற்றோடு கெடு முடிந்த புத்தகத்துக்கு நினைவூட்டல் போகிறதா, இன்றோடு முடிவதற்குப் போகாமல் இருக்கிறதா என்று இரண்டு சோதனை எழுதுங்கள். கிளாக்கை யுடிசிக்கு மாற்றிப் பாருங்கள். முதல் சோதனை உடனே விழும்.

கமாண்டைச் சோதிக்க "கமாண்ட்டெஸ்டர்" இருக்கிறது. கமாண்ட் பொருளைக் கொடுத்து, எக்ஸிக்யூட்டுக்கு ஆப்ஷன்களை அரேயாகத் தந்து, திரும்பிய எண்ணையும் திரையில் வந்த உரையையும் சரிபார்க்கலாம். ட்ரை-ரன் கொடுத்தபோது அனுப்புநரின் அரே காலியாக இருக்கிறதா என்பதை விட்டுவிடாதீர்கள். ஒத்திகை என்று நம்பி ஓட்டுகிறவருக்கு நாம் தரும் வாக்குறுதி அது.

கன்டெய்னருக்கென்று ஒரே ஒரு சோதனை போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். கமாண்ட் பட்டியல் கோப்பில் உள்ள ஒவ்வொரு கிளாஸையும் நிஜக் கன்டெய்னரிடம் "கெட்" செய்து, பிழை வரவில்லை என்று உறுதிப்படுத்துவது. ஆட்டோவயரிங்கின் ஒரே பெரிய குறை, விடுபட்ட வரையறை ஓடும்போதுதான் தெரியும் என்பது. மாதம் ஒருமுறை ஓடும் கமாண்ட் மாதக் கடைசியில் விழுவதற்குப் பதிலாக, சிஐ அன்றைக்கே பிடித்துவிடும். சோதனைச் சூழலில் டேட்டாபேஸ் மாறிகளை எஸ்க்யூலைட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

சர்வரில் ஏற்றும்போது

கன்டெய்னர்பில்டரின் "எனேபிள்கம்பைலேஷன்" மெத்தடுக்கு ஒரு கேஷ் ஃபோல்டரைக் கொடுத்தால், பிஎச்பி-டிஐ ரிஃப்ளெக்ஷன் வேலையை ஒருமுறை செய்து, முடிவைச் சாதாரண பிஎச்பி கிளாஸாக எழுதி வைக்கும். டெவலப்மென்ட் சூழலில் இதை இயக்காதீர்கள். ஒருமுறை எழுதிய கோப்பை அது தானாகப் புதுப்பிக்காது. வரையறையை மாற்றியும் ஏன் எதுவும் மாறவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் அந்த ஃபோல்டரைக் காலி செய்வது டெப்ளாய் ஸ்கிரிப்டின் ஒரு படியாக இருக்கட்டும்.

டிஐ என்வ் பற்றி முன்பு சொன்னதன் காரணம் இதுதான். அரேயில் நேரடியாகக் கெட்என்வ் எழுதியிருந்தால், கம்பைல் நடந்த நொடியில் இருந்த மதிப்பு அப்படியே அந்தக் கோப்பில் உறைந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் பழையதுதான் போகும், பாஸ்வேர்டு வெற்று எழுத்தாக டிஸ்கிலும் கிடக்கும். டிஐ என்வ் ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகப் படிக்கும். குளோஷர்களிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வெளி மாறிகளை "யூஸ்" மூலம் பிடித்துவைத்த குளோஷரைக் கம்பைல் செய்ய முடியாது. தேவையானதைக் குளோஷரின் பராமீட்டராகக் கேளுங்கள். டைப் பார்த்துக் கன்டெய்னரே கொடுக்கும்.

கிரானில் சேர்க்கும்போது பிஎச்பிக்கும் நம் கோப்புக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். நீங்கள் லாகின் செய்யும்போது கிடைக்கும் சூழல் மாறிகள் கிரானுக்குக் கிடைக்காது. கையால் ஓட்டும்போது ஓடுகிறது, கிரானில் விழுகிறது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். டாட்என்வ் தொகுப்பு ஒன்றால் மாறிகளைக் கோப்பிலிருந்து ஏற்றுவதானால், அந்த வரி நுழைவுக் கோப்பில் கன்டெய்னரைக் கட்டும் முன் வர வேண்டும். கேள்வி கேட்டுக் காத்திருக்கும் கமாண்டுகளுக்கு "--நோ-இன்டராக்ஷன்" சேருங்கள்.

முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கினால் ஒரே ஆளுக்கு இரண்டு நினைவூட்டல் போகும். லினக்ஸில் கிரான் வரியின் முன் "எஃப்லாக் -என்" சேர்த்து ஒரு லாக் கோப்பைக் கொடுத்தால் போதும். இரண்டாவது ஓட்டம் உடனே விலகிக்கொள்ளும். செயலிக்குள்ளேயே வேண்டுமென்றால் சிம்ஃபொனியின் லாக் தொகுப்பைக் கன்டெய்னர் வழியே நினைவூட்டிக்குக் கொடுக்கலாம்.

நாள் முழுக்க ஓடிக்கொண்டே க்யூவை (காத்திருக்கும் வேலைகளின் வரிசையை) பார்க்கும் கமாண்ட் எழுதினால் மட்டும் ஒன்று மாறும். கன்டெய்னர் தரும் பிடிஓ ஒரே பொருள், ஒரே இணைப்பு. மைஎஸ்க்யூஎல்லில் சும்மா கிடக்கும் இணைப்பை சர்வர் துண்டிக்கும் இயல்பு நேரம் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம். ராத்திரி முழுக்க வேலை வராத கமாண்ட், காலையில் முதல் வேலை வந்ததும் அறுந்த இணைப்பில் எழுத முயன்று விழும். அதனால் அப்படிப்பட்ட கமாண்டை ஒரு மணி நேரமோ, இத்தனை வேலைகளோ முடிந்ததும் தானாகவே 0 தந்து வெளியேறும்படி எழுதி, சிஸ்டம்டி அல்லது சூப்பர்வைசர் அதை மறுபடி தொடங்கும்படி அமையுங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் கன்டெய்னர் புதிது, இணைப்பும் புதிது.